நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்

ஸ்பானிய இலக்கியத்தின் தலைமகனான செர்வாண்டிஸுக்கு 'லெபாண்டோவின் கைமுடவர்' என்றொரு பட்டப்பெயர் உண்டு. 1571 அக்டோபர் 7 அன்று நடந்த லெபாண்டோ கடற்போரில் மார்பில் இரண்டும் இடது கையில் ஒன்றுமாக மூன்று குண்டுக் காயங்கள் அவருக்கு. மெஸினா நகர மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்து பிழைத்தார். பட்டப்பெயரை மட்டும் அறிந்தவர்கள் அவர் கையை இழந்தவர் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். உண்மை அதுவன்று. அந்தக் கை வெட்டப்படவே இல்லை. உடலோடு ஒட்டியபடியே, ஆயுள் முழுவதும் உதவாமல் கிடந்தது. குண்டு நரம்பைச் சிதைத்துவிட்டதே காரணம் என்பது மருத்துவ வரலாற்றை ஆராய்ந்தவர்களின் கருத்து. 1614இல் டான் குயிக்ஸாட்டுக்குப் போலியாக ஓர் இரண்டாம் பாகம் எழுதி வெளியிட்ட ஆசாமி அந்தக் கையைக் கேலி செய்தார். மறு ஆண்டு வெளிவந்த தம்முடைய இரண்டாம் பாகத்தின் முன்னுரையில் செர்வாண்டிஸ் அதற்கு மறுமொழி சொல்ல வேண்டியிருந்தது.

இருக்கும் கையை இல்லாத கையாக மாற்றினால்தான் உலகத்துக்கு அந்தக் காயம் புரிகிறது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்நிலை மாறியதாகத் தெரியவில்லை. போரைப் பற்றி நாம் எழுதுவதும் வாசிப்பதும் இரண்டு இடங்களில் வந்து நின்றுவிடுகின்றன. ஒன்று மரணம், மற்றொன்று உறுப்பிழப்பு. இவ்விரண்டுக்கும் இடையில், கையும் காலும் முழுதாக இருந்தும் அவை தம்முடையவை அல்லாமல் போனவர்களின் பெருங்கூட்டம் ஒன்று இருக்கிறது. துப்பாக்கிக் குண்டும் வெடிபொருளும் புற நரம்புகளைச் சிதைத்ததால் உண்டான நிலை அது. அவர்களுடைய மீட்சி நம் கவனத்தைக் காட்டிலும் மெதுவாக நடப்பது. அதனாலேயே அது நம் கண்ணில் படுவதில்லை. படாததாலேயே பல சமயம் நடக்காமலும் போய்விடுகிறது. இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்.

தமிழ் மரபுக்குக் காயத்தைப் பற்றித் தெளிவான ஓர் இலக்கணம் இருந்தது. முன்னால் பட்டால் விழுப்புண், பின்னால் பட்டால் புறப்புண். வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட சேர மன்னன் நாணி வடக்கிருந்து உயிர்விட்டதைப் புறநானூறு வழியாக அறிவோம். அந்த இலக்கணத்தில் காயத்தின் இடம் பேசும், தழும்பு பேசும். நரம்புக் காயமோ ஊமை. மேலே ஒரு காசளவு தழும்பு. உள்ளே ஒரு கை முழுக்க அணைந்துபோன விளக்கு. அதைப் புகழவும் முடியாது, பழிக்கவும் முடியாது. பார்க்கவே முடியாதபோது வேறென்ன செய்ய?

*

நரம்பு என்பதை மின்கம்பியோடு ஒப்பிடுவது வழக்கம். பாதிதான் பொருந்தும் உவமை அது. கம்பி அறுந்தால் முறுக்கிச் சேர்த்த கணமே விளக்கு எரியும். நரம்பு அப்படியன்று. அது உயிருள்ள இழைகளின் கட்டு. தண்டுவடத்தில் அல்லது அதையொட்டி இருக்கும் ஓர் உயிரணுவிலிருந்து கிளம்பும் ஒற்றை இழை, கால்விரல் நுனி வரைக்கும்கூட நீண்டு செல்கிறது. நடுவில் அறுந்தால் அறுந்த இடத்துக்கு அப்பால் உள்ள பகுதி முழுவதும் அழிந்துவிடும் என்பதை 1850இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்புகளில் கண்டு சொன்னார். பிறகு மேல்முனையிலிருந்து புதிய தளிர் கிளம்பி, பழைய உறையின் வழியே கீழ்நோக்கி வளர வேண்டும். அதன் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். மாதத்துக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

துப்பாக்கிக் குண்டு நரம்பை நேராக அறுப்பது எப்போதும் நிகழ்வதன்று. விரைந்து செல்லும் குண்டு தன் பாதையைச் சுற்றியுள்ள தசையை ஒரு கணம் குகைபோல விரித்துச் சுருக்குகிறது. அந்த விரிவில் நரம்பு இழுபட்டும் நசுங்கியும் போகிறது. குண்டு அதைத் தொட்டிருக்கவே வேண்டியதில்லை. கண்ணிவெடியும் எறிகணையும் இதைவிடக் கொடியவை. இரும்புச் சிதறலோடு மண்ணையும் துணியையும் உள்ளே திணித்து, நரம்பைத் துண்டுதுண்டாக்கி, நீண்ட இடைவெளியை விட்டுச் செல்கின்றன.

இரண்டாம் உலகப்போரின் நடுவில், 1943இல், ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹெர்பர்ட் செடன் இக்காயங்களை மூன்றாகப் பகுத்தார். முதலாவது, இழை அறாமல் கடத்தும் திறன் மட்டும் நின்றுபோவது. வாரங்களில் தானே சரியாகும். இரண்டாவது, உள்ளிழை அறுந்து உறை தப்பியிருப்பது; இழை மெல்ல வளர்ந்து பழைய வழியில் போய்ச் சேரும். மூன்றாவது, உறையும் அறுந்துவிடுவது. அறுவையின்றி இதற்கு வழியில்லை. இதில் கொடுமை என்னவென்றால், காயம்பட்ட அன்று மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். தொங்கும் மணிக்கட்டு, மரத்த விரல்கள், அவ்வளவே. எந்தக் கை தானே எழும், எந்தக் கை எழாது என்பதைப் பெரும்பாலும் காலம்தான் சொல்லும். அதனால்தான் குண்டுக் காயத்தில் மருத்துவர் சில வாரங்கள், பல சமயம் மூன்று மாதங்கள் வரை, மீண்டும் மீண்டும் சோதித்தபடி காத்திருக்கிறார். தானே மீளும் நரம்புகள் கணிசமாக உண்டு என்பது போர் மருத்துவத்தின் நெடுநாள் அனுபவம். அறிகுறி ஏதும் தோன்றாவிட்டால் திறந்து பார்த்து, சிதைந்த பகுதியை நீக்கி, கெண்டைக்காலின் பின்புறமிருந்து எடுத்த உணர்வு நரம்பை இடைவெளியில் பாலமாக வைத்துத் தைக்கிறார்கள்.

காத்திருப்பிலும் ஒரு நற்செய்தி உண்டு. நரம்பின் பாதையில் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால், வளரும் முனை இருக்கும் இடத்தில் 'சுரீர்' என்று எறும்பு ஊர்வதுபோல் ஒரு கூச்சம் கிளம்பும். மாதா மாதம் அந்த இடம் கீழே நகர்ந்தால் நரம்பு வளர்கிறது என்று பொருள். இதை 1915ஆம் ஆண்டில் இருவர் தனித்தனியே எழுதினார்கள். ஒருவர் ஜெர்மனியின் பால் ஹோஃப்மன். மற்றவர் பிரான்சின் ஜூல் டினல். இரண்டு நாட்டுப் படைகளும் எதிரெதிர்ப் பதுங்குகுழிகளில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த ஆண்டு அது.

*

இத்துறையின் முதல் பெருநூல் ஓர் உள்நாட்டுப் போரில் பிறந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிலடெல்பியாவின் டர்னர்ஸ் லேன் மருத்துவமனை நரம்புக் காயங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அங்கே பணிபுரிந்த சைலஸ் வியர் மிட்செல், ஜார்ஜ் மோர்ஹவுஸ், வில்லியம் கீன் ஆகிய மூவரும் நரம்புகளில் ஏற்படும் குண்டுக் காயங்களைப் பற்றி 1864இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். குண்டு பட்ட கையில் தோல் பளபளத்து, அடங்காத எரிச்சல் ஒன்று குடியேறுவதை அதில் விவரித்தார்கள். நோயாளிகள் ஈரத்துணியையும் தண்ணீரையும் கைவிடவே மாட்டார்கள். செய்தித்தாள் சலசலத்தால், யாரேனும் அந்தப் பக்கம் நடந்தால், தூரத்தில் இராணுவ வாத்தியம் முழங்கினால்கூட வலி ஏறும். மிட்செல் பின்னர் இதற்குக் காஸால்ஜியா என்று பெயரிட்டார். வெப்பம், வலி என்னும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது.

இலக்கிய வாசகர்களுக்கு மிட்செல் வேறொரு வகையில் அறிமுகமானவர். பெண்களை மாதக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்தி வைக்கும் 'ஓய்வுச் சிகிச்சை'யை வகுத்தவர் அவர்தாம். சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 1892ஆம் ஆண்டுச் சிறுகதையான 'மஞ்சள் சுவரொட்டி' அந்தச் சிகிச்சைக்கு எதிராக எழுந்த குரல். அதே மிட்செல் கதைகளும் எழுதினார். 1866இல் 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் பெயரில்லாமல் வெளிவந்த 'ஜார்ஜ் டெட்லோ' என்ற கதையில், நாயகன் நான்கு உறுப்புகளையும் இழந்து, இல்லாத கால்களை உணர்கிறான். அதை மெய்யென்றே நம்பி, டெட்லோவுக்கு உதவப் பணம் திரட்டிய வாசகர்களும் இருந்தனர். நம் கவனத்துக்குரியது வேறொன்று. அக்கதையில் முதலில் நேர்வது உறுப்பிழப்பன்று. குண்டு துளைத்த வலது கை உடலிலேயே இருக்கிறது. உணர்வற்றுப் போன அந்தக் கையில் பொறுக்க முடியாத எரிச்சல் கிளம்புகிறது. அதற்காகவே அதை வெட்டுகிறார்கள். வாசகர் மனத்தில் தங்கியது நான்கு உறுப்பும் அற்ற உடல். எரிந்துகொண்டிருந்த முழுக் கை மறந்துபோயிற்று. செர்வாண்டிஸுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது.

மறக்காதவர் ஒருவர் இருந்தார். மிட்செலின் மகன் ஜான் கியர்ஸ்லி மிட்செல், தந்தை மருத்துவம் பார்த்த அந்தப் பழைய சிப்பாய்களின் பிற்கால நிலையை ஆராய்ந்து, நரம்புக் காயங்களின் நீண்டகால விளைவுகள் பற்றி 1895இல் ஒரு நூல் வெளியிட்டார். போர் முடிந்து முப்பது ஆண்டுகள் கழித்து! தந்தை தொடங்கிய வாக்கியத்தை மகன் முடித்து வைப்பதுபோன்ற செயல் அது. நரம்புக்கு உரிய மரியாதை அவ்வளவு நீளமான நினைவு என்றே நமக்குத் தோன்றுகிறது.

மற்றொரு சோதனை இலக்கியத்துக்குள் நேரடியாகவே நுழைந்தது. 1903இல் லண்டன் நரம்பியலாளர் ஹென்றி ஹெட் தம்முடைய இடது முன்கையின் உணர்வு நரம்புகளைத் தாமே விரும்பி வெட்டச் சொன்னார். பிறகு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், கேம்பிரிட்ஜில் நண்பர் ரிவர்ஸ் முன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். ரிவர்ஸ் ஊசியாலும் பஞ்சாலும் பனிக்கட்டியாலும் அந்தக் கையைத் தொட்டுத் தொட்டு, உணர்வு திரும்பும் வரைபடத்தை அங்குலம் அங்குலமாக வரைந்தார். உணர்வு இரு படிகளில் திரும்புகிறது என்று அவர்கள் 1908இல் வெளியிட்ட கோட்பாடு பின்னால் கடுமையாக மறுக்கப்பட்டது. பொறுமையின் பதிவு மட்டும் நிலைத்தது. ஹெட் கவிஞரும்கூட. ரிவர்ஸ் 1917இல் க்ரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் கவிஞர் சீக்ஃப்ரீட் சஸூனுக்குச் சிகிச்சை அளித்தவர். அதை மையமாக வைத்துப் பாட் பார்க்கர் 1991இல் எழுதிய நாவலுக்கு 'மீளுருவாக்கம்' என்று பொருள்படும் தலைப்பு அமைந்ததில் இந்த நரம்புச் சோதனைக்கும் பங்குண்டு.

அது சிறந்த நாவல், ஐயமில்லை. ஆயினும் அங்கே நரம்பு உவமையாகிவிடுகிறது. மீள வேண்டியது மனம். எல்லாக் காயங்களையும் மனத்தின் காயங்களாக மொழிபெயர்த்துக்கொள்ளும் பழக்கம் நவீன இலக்கியத்துக்கு உண்டு. நரம்பு நரம்பாகவே, 1 மில்லிமீட்டர் 1 மில்லிமீட்டராகவே எழுதப்பட வேண்டும் என்பது நம் கோரிக்கை.

*

இது ஏன் வெறும் இலக்கிய விவாதம் அன்று என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோள்பட்டைக்கு மேலே, கழுத்தோரத்தில், கைக்குச் செல்லும் நரம்புப் பின்னல் அறுந்ததாகக் கொள்வோம். அங்கிருந்து உள்ளங்கைத் தசைக்கு 60 சென்டிமீட்டர் இருக்கும். நாளுக்கு 1 மில்லிமீட்டர் என்றால் 600 நாட்கள். ஏறத்தாழ 20 மாதங்கள். தசையோ நரம்பின் தொடர்பின்றி அவ்வளவு காலம் தாங்காது. 12 முதல் 18 மாதங்களுக்குள் தொடர்பு திரும்பாவிட்டால் அது சுருங்கி நாராகி, பிறகு நரம்பே வந்து கதவைத் தட்டினாலும் திறக்க ஆளிருக்காது. தூரத்தைக் குறைக்கும் உத்திகள் பின்னால் வந்தன. பிரெஞ்சு மருத்துவர் கிறிஸ்டோஃப் ஒபர்லின் 1994இல் விவரித்த முறையில், நலமாயிருக்கும் பக்கத்து நரம்பிலிருந்து சில இழைகளை எடுத்து முழங்கையை மடக்கும் தசைக்கு அருகிலேயே இணைக்கிறார்கள். அதற்கும் காலக்கெடு உண்டு. காயம்பட்ட முதல் ஆறு மாதங்கள் பொன் போன்றவை.

இக்கணக்கை வன்னியின் நாட்காட்டியில் வைத்துப் பார்ப்போம். 2009 பிப்ரவரி முதல் மே வரை, செஞ்சிலுவைச் சங்கம் புதுமாத்தளன் கரையிலிருந்து காயம்பட்டோரையும் நோயுற்றோரையும் உடன்சென்ற உறவினரையுமாக 13,000க்கும் மேற்பட்டோரைக் கடல்வழியே வெளியேற்றியது. மே மாதத்தில் போர் முடிந்தது. எஞ்சியோரில் பெரும்பாலோர் வவுனியாவின் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மெனிக் பாம் முழுமையாக மூடப்பட்டது 2012 செப்டம்பரில். எறிகணைச் சிதறல் கையில் பாய்ந்த ஒருவருக்கு அந்த முள்வேலி மாதங்கள் வெறும் காத்திருப்பு அல்ல. அவருடைய நரம்புக்கு விதிக்கப்பட்ட தவணை அப்போதுதான் தீர்ந்துகொண்டிருந்தது. உயிர் காக்கும் சிகிச்சைக்கே அலைய வேண்டிய இடத்தில், தொங்கும் மணிக்கட்டை யார் மாதா மாதம் தட்டிப் பார்த்திருப்பார்கள்? பத்தாண்டு கழித்து வரும் விசாரணைக் குழு சாட்சியத்தைக் கேட்கலாம், இழப்பீடும் தரலாம். நாராகிப்போன தசையை அது எழுப்பித் தராது. நீதி தாமதமாவதைப் பற்றி நாம் நிறையவே எழுதிவிட்டோம். தாமதமே காயத்தின் ஒரு பகுதியாகிவிடுவதைப் பற்றி எழுதவில்லை.

சட்டத்தின் கண்ணும் நம் கண்ணைப் போன்றதே. போருக்கானது அல்ல எனினும், இந்தியாவில் 1923இல் இயற்றப்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை ஓர் எடுத்துக்காட்டு. எந்த விரல் எந்தக் கணுவில் போனால் எத்தனை விழுக்காடு என்று நீளும் பட்டியல் அது. கடைசியில் ஒரு குறிப்பு வருகிறது: ஓர் உறுப்பின் பயன்பாடு முழுமையாகவும் நிரந்தரமாகவும் போய்விட்டால், அந்த உறுப்பையே இழந்ததற்குச் சமமாகக் கொள்ள வேண்டும். நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட விதிதான். ஆனால் கை அங்கேயே இருந்துகொண்டு செத்துப்போவதைச் சொல்ல, சட்டமும் அதை வெட்டப்பட்ட கையாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. முழுமையும் அல்லாத, நிரந்தரமும் அல்லாத, இரண்டாண்டுக் காத்திருப்புக்கு அந்த அட்டவணையில் சொல் இல்லை.

*

இவ்வளவு சொன்னபின் கதவை அடைத்துவிட்டுப் போவது நியாயமாகாது. தவணை தப்பியவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. அது நமக்கு மிக அருகில், வேலூரில் செம்மைப்பட்ட வழி. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, லண்டன்மீது குண்டுகள் விழுந்த காலத்தில் அங்கே மருத்துவம் கற்ற பால் பிராண்ட், 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயும் புற நரம்புகளைத் தின்னும் நோய்தான். முழங்கையருகே நரம்பு செத்து விரல்கள் நகம்போல் வளைந்துபோனவர்களின் கைகளில், நலமாயிருக்கும் வேறொரு தசையின் நாணை இடம் மாற்றித் தைத்து, அவர் விரல்களை மீண்டும் விரிய வைத்தார். இம்முறையின் வேர் போரில் இருக்கிறது. முதல் உலகப்போரில் குண்டுபட்டு மணிக்கட்டுத் தொங்கியவர்களுக்காக ராபர்ட் ஜோன்ஸ் போன்றோர் வளர்த்தெடுத்தது அது. போர்க்களத்தில் கற்றதைப் பிராண்ட் தொழுநோயாளிக்குக் கொண்டுவந்தார். அங்கே செம்மைப்பட்டதை மீண்டும் போரில் புண்பட்டவர்களிடம் கொண்டுசேர்க்கத் தடையேதும் இல்லை.

தசைநாண் மாற்றத்துக்கு நரம்பு வளரக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டுகள் பல கழிந்த பின்னும் செய்யலாம். ஒரே நிபந்தனை, மூட்டுகள் இறுகிப்போயிருக்கக் கூடாது. ஆக, அசையாத விரல்களை மறு கையால் தினமும் மடக்கி நீட்டிக்கொண்டே இருந்தவருக்குக் கதவு திறந்திருக்கிறது. 'இனி என்ன' என்று விட்டுவிட்டவருக்கு அது பாதி மூடிவிட்டது. வீட்டில் யாராவது ஒருவர் அதைச் சொல்லியிருந்தால் போதும். உணர்ச்சியற்ற விரல் சுடுசட்டியைத் தொட்டு வெந்தாலும் தெரியாது, ஆகவே கண்ணால் காக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். இவை பெரிய செலவு பிடிக்கும் அறிவு அல்ல. சொல்லப்படாத அறிவு.

இறந்தவர்களையே இன்னும் எண்ணி முடிக்காத நிலையில் செயலிழந்த விரல்களைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கப்படலாம். அந்தக் கேள்வியின் வலி நமக்குப் புரிகிறது. ஆனால் இறந்தவர் காத்திருப்பார், நரம்பு காத்திருக்காது. உக்ரைனிலும் காஸாவிலும் அண்மை ஆண்டுகளில் புண்பட்ட கைகளுக்கும் இதே நாட்காட்டிதான். எந்தக் கட்சியின் கை என்று நரம்பு பார்ப்பதில்லை.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு தசை வலிமையை அளக்க 0 முதல் 5 வரை ஓர் அளவுகோலை வகுத்தது. இன்றும் மருத்துவர்கள் பயன்படுத்துவது அதையே. 5 என்பது முழு வலிமை. 0 என்பது எதுவும் இல்லை. 1 என்றால் மூட்டு அசையாது, தோலுக்கடியில் தசை ஒரு கணம் துடித்து அடங்கும், அவ்வளவே. 0க்கும் 1க்கும் நடுவே ஒரு மனிதர் ஓராண்டைக் கழித்திருக்கக்கூடும். வீட்டார் கண்ணுக்குக் கை நேற்றுப் போலவே தொங்கிக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பை ஒரு நிகழ்ச்சியாக எண்ணி எழுதத் தெரிந்த ஓர் எழுத்து தமிழில் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். போர் முடிந்த தேதியோடு போரை முடித்துவிடாத எழுத்தாக அது இருக்கும்.